டிரெய்லர் இழுக்கப் பெரிய டிராக்டர்தான் வேண்டுமா?

தை அறுவடை முடிந்து நெல் காசு கைக்கு வந்ததும் எங்கள் பக்கத்தில் ஒரு கேள்வி கிளம்பும். "35 ஹெச்.பி. வண்டியக் குடுத்துட்டு, பழசுல 50 ஹெச்.பி. ஒண்ணு எடுத்துரலாமா சார்? டிரெய்லர் இழுக்க மாட்டேங்குது." காரைக்குடி, சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை வட்டாரங்களில் களப்பயணம் போகும்போது விதை, உரம் பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்பது இதைத்தான். நான் படித்தது உழவியல். எஞ்சின் என் துறை இல்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த வண்டியின் பாரத்தைக் கடைசியில் சுமப்பது மண். மண் என் துறை. அதனால் சொல்கிறேன்: கேட்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய வண்டி தேவையில்லை. தேவைப்படுகிறவர்கள் யார் என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

"இழுக்கவில்லை" என்று சொல்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எஞ்சின் திணறுகிறதா, சக்கரம் வழுக்குகிறதா? இரண்டும் வேறு வேறு நோய். கரும்புகை தள்ளி, சத்தம் இறங்கி, எஞ்சின் அணைந்துபோகப் பார்த்தால் அது சக்திக் குறைவு. எஞ்சின் பாட்டுக்கு நன்றாக ஓடிக்கொண்டிருக்க, பின் டயர் ஒரே இடத்தில் சுற்றி மண்ணைத் தோண்டினால் அது பிடிமானக் குறைவு. எங்கள் பக்கத்தில் நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. அதற்கு ஹெச்.பி. கூட்டுவது மருந்தாகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லர் ஒன்றரை டன், அதில் நெல் மூட்டை 4 டன், டிராக்டர் ஒன்றே முக்கால் டன். மொத்தம் ஏழேகால் டன். நல்ல தார்ச்சாலையில் 100 கிலோ எடையை உருட்ட 2 முதல் 3 கிலோ இழுவை போதும். இந்தப் பாரத்தை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் புதுவயல் அரிசி ஆலைக்குக் கொண்டுபோக, கியரில் வீணாவதையும் சேர்த்து, 15, 16 ஹெச்.பி. செலவாகும். 35 ஹெச்.பி. வண்டியில் பாதிச் சக்தி சும்மா இருக்கிறது.

சிக்கல் வருவது சாலைக்கு ஏறும் முன்பு. வயலிலிருந்து கண்மாய்க் கரைக்கு ஏறும் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 10 அடிக்கு ஓரடி ஏற்றம், மேலே ஈரமண். இப்போது தேவைப்படும் இழுவை ஒரு டன்னைத் தாண்டிவிடும். முதல் கியரில் மெதுவாக ஏறுவதால் எஞ்சினுக்கு 20 ஹெச்.பி. அளவில்தான் வேலை, அது தாங்கும். ஆனால் ஈரமண்ணில் பின் சக்கரத்தின் மேல் இறங்கும் எடையில் ஏறக்குறைய பாதிதான் இழுவையாக மாறும். பின் சக்கரத்தில் ஒன்றரை டன் இறங்கினால் முக்கால் டன் இழுவை. தேவை ஒரு டன். டயர் சுற்றத்தான் செய்யும்.

இப்போது 50 ஹெச்.பி. வண்டிக்கு வருவோம். ஹெச்.பி. 40 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. எடை கூடுகிறதா? நம் சந்தையில் ஓடும் 35 ஹெச்.பி. வண்டிகள் 1.7, 1.8 டன் இருக்கும். 50 ஹெச்.பி. வண்டிகள் பெரும்பாலும் 2 டன்னை ஒட்டியே நிற்கின்றன. ஆறில் ஒரு பங்கு கூடுகிறது, அவ்வளவுதான். டயர் கொஞ்சம் அகலம். ஆகவே அந்தக் கண்மாய்ச் சரிவில் பெரிய வண்டியும் ஏறக்குறைய அதே இடத்தில் சுற்றும். இன்னும் வேகமாகச் சுற்றி இன்னும் ஆழமாகத் தோண்டும் என்பதுதான் வித்தியாசம்.

இதற்குச் செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன. பின் டயரின் பட்டை தேய்ந்து வழவழப்பாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். போக்குவரத்து அதிகம் உள்ள மாதங்களில் பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் டயர் ஒன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் எடை கூடும். சேற்றுழவுக்கு முன் அதை இறக்கிவிட வேண்டும். டிரெய்லர் கொக்கியை அதற்கென்று உள்ள இடத்தில்தான் மாட்ட வேண்டும். இழுக்கவில்லை என்று சங்கிலியை அச்சுக்கு மேலே கட்டி இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் தூக்கி, வண்டி ஓட்டுநர் மேலேயே மல்லாந்துவிடும். கடைசியாக, எல்லோரும் கேட்கப் பிடிக்காத யோசனை: சரிவு ஏறும் வரை ஒன்றரை டன் குறைத்து ஏற்றுங்கள். கூடுதலாக ஒரு நடை போகும் டீசல், பெரிய வண்டியின் ஒரு மாத வட்டிக்குக் காணாது.

எஞ்சினே திணறுகிறது என்றாலும் உடனே விற்க வேண்டியதில்லை. பத்து வருடம் ஓடிய வண்டியில் ஏர் ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு, டீசல் பம்ப் தேய்மானம் எல்லாம் சேர்ந்து கணிசமான சக்தியைத் தின்றுவிடும். 35 ஹெச்.பி. என்று நீங்கள் நினைத்து ஓட்டுவது 27, 28 தான் தந்துகொண்டிருக்கலாம். சில பத்தாயிரங்களில் முடியும் வேலைக்குச் சில லட்சங்கள் எதற்கு?

வெளிநாடு போய்த் திரும்பிய இளைஞர்கள் இதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்கிறார்கள். பழைய பொலிரோ அல்லது ஸ்கார்ப்பியோ ஒன்று வாங்கி, பின்னால் சின்ன டிரெய்லர் மாட்டி, தீவனம், ஆடு, காய்கறி ஏற்றலாமா என்று. அங்கே கார்களுக்குப் பின்னால் குதிரை வண்டியும் படகும் போவதைப் பார்த்துவிட்டு வருகிற ஆசை. அந்த நாடுகளில் வண்டிக் கையேட்டிலேயே எவ்வளவு இழுக்கலாம் என்று எழுதியிருக்கும். பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் அளவு, இல்லாததற்கு வேறு அளவு. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் காருக்குப் பின்னால் பிரேக் இல்லாமல் போகும் டிரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை. நம் ஊர்ப் பட்டறையில் செய்யும் டிரெய்லரை அப்படிப்பட்ட காருக்குப் பின்னால் மாட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பதிவு, காப்பீடு என்று வேறு தலைவலிகளும் உண்டு. தீவனமும் ஆடும்தான் சரக்கு என்றால் பழைய டாடா ஏஸோ பொலிரோ பிக்கப்போ போதும்.

அந்த 750 கிலோ என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நம் டிராக்டரைப் பாருங்கள். பின்னால் ஐந்தரை டன் வருகிறது. டிரெய்லரில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. ஏழு டன் கூட்டத்தை நிறுத்துவது டிராக்டரின் பின் சக்கரங்கள் இரண்டு மட்டும். முன் சக்கரத்துக்குப் பிரேக் இல்லை. இந்த நிலையில் பெரிய வண்டி என்ன செய்யும்? அதன் கடைசி கியர் வேகம் கூடுதல். 25 கி.மீ.யில் போனவர் 35-இல் போவார். நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். கூடவே, வண்டி பெரிதாயிற்றே என்று 4 டன்னுக்குப் பதில் 6 டன் ஏற்றுவார். இழுக்கும் சக்தியை வாங்குகிறோம். நிறுத்தும் சக்தியை யாரும் விலை கேட்பதில்லை. என்னைக் கேட்டால், பெரிய வண்டிக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை டிரெய்லருக்குப் பிரேக் வைக்கவும், பின்னால் ஒளிரும் பட்டையும் விளக்கும் ஒட்டவும் செலவிடுவேன். சாலையில் ஏறும்போது இடது, வலது பிரேக் பெடல்களைச் சேர்த்துப் பூட்ட மறந்தால், அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிக் கவிழும். எங்கள் பக்கத்தில் அந்தப் பூட்டே கழன்று போன வண்டிகள் எத்தனையோ.

திருவிழாவுக்கு ஆள் ஏற்றிப் போவதைப் பற்றியும் ஒரு வரி. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சரக்கு டிரெய்லரில் போகிறவருக்குக் காப்பீடு கைகொடுக்காது.

இனி என் துறைக்கு வருகிறேன். டிராக்டர் பின் டயரில் காற்றழுத்தம் குறைவு. பொதுவாக 12 முதல் 20 பி.எஸ்.ஐ. டிரெய்லர் டயர் குறுகலானது. அதில் அழுத்தம் பல மடங்கு. வயலில் அதிகச் சேதம் செய்வது டிரெய்லர் சக்கரம்தான். தை மாதம் மேல்மண் காய்ந்தது போல இருக்கும். ஒரு சாண் தோண்டினால் ஈரம். அந்த ஈரத்தில் 5, 6 டன் அச்சு எடை இறங்கினால் அடிமண் ஒன்றரை அடி ஆழம் வரை இறுகும். மேல்மண் இறுக்கத்தை அடுத்த உழவு உடைத்துவிடும். அடிமண் இறுக்கம் பல ஆண்டுகள் நிற்கும். நெல்லுக்கு இது உடனே தெரியாது, ஏனென்றால் தண்ணீரைப் பிடித்து வைக்க அடியில் கொஞ்சம் இறுக்கம் இருப்பது நெல்லுக்கு நல்லதே. அடுத்து வரும் உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் அதுவே சுவர். வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் மடங்கும். இரண்டு வாரம் மழை இல்லாவிட்டால் செடி வாடும். ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், மற்ற நாளெல்லாம் வெயில் என்றிருக்கும் மாவட்டத்தில் வேர் ஆழம் என்பது மகசூல் கணக்கு. செம்மண்ணும் அடியில் செம்புறாங்கல்லுமாக உள்ள எங்கள் நிலங்களில் இது இன்னும் கடுமை.

இறுகிய அடிமண்ணுக்கு நாங்கள் சொல்லும் பரிந்துரை உளிக்கலப்பை. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அரை மீட்டர் இடைவெளியில், நெடுக்கிலும் குறுக்கிலும் உழ வேண்டும். அதை இழுக்க நல்ல சக்தியுள்ள வண்டி வேண்டும். பெரிய பாரத்தால் கெட்டதைச் சரிசெய்யப் பெரிய வண்டியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. விற்பனையாளர்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள். அதற்கு வேளாண் பொறியியல் துறையின் வாடகை வண்டியைப் பதிவு செய்துகொள்வதே மலிவு. உழவன் செயலியிலேயே செய்யலாம். அறுவடையின்போது டிரெய்லரை வயலுக்குள் இறக்காமல் வரப்பிலோ வண்டிப்பாதையிலோ நிறுத்தி, அறுவடை இயந்திரத்தை அங்கே வந்து நெல்லைக் கொட்டச் சொல்லுங்கள். இயந்திரக்காரர் அவசரப்படுவார். வயல் அவருடையது இல்லையே.

கண்மாய்க் கரை இன்னொன்று. எங்கள் ஊர்களில் பாதி வண்டிப்பாதை கண்மாய்க் கரைமேல்தான் போகிறது. மாட்டு வண்டி போக உயர்த்திய மண்கரை அது. அதன் அடியில் மடைக் குழாய் போகிறது. 8, 9 டன் திரும்பத் திரும்ப மேலே போனால் கரை பள்ளம் விழும், மடைக்கட்டு விரிசல் விடும், ஐப்பசியில் கண்மாய் நிறையும்போது அந்தப் பள்ளத்தில்தான் தண்ணீர் முதலில் கரையைத் தாண்டும். ஒருவர் வாங்கும் பெரிய வண்டியின் செலவில் ஒரு பங்கை ஆயக்கட்டு முழுவதும் ஏற்கிறது. ஊர்க்கூட்டத்தில் இதைப் பேசுவதில் தவறே இல்லை. கரைமேல் போகும் பாரத்துக்கு அளவு வைப்பதும் மடை இருக்கும் இடத்தில் கல் நட்டு வைப்பதும் ஊரால் முடிகிற காரியம்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பழைய வண்டியை 2 லட்சத்துக்குக் கொடுத்து, பெரியதை நாலரை லட்சத்துக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் முதல் இரண்டரை லட்சம். 12 சதவீத வட்டிக்கு ஆண்டுக்கு 30 ஆயிரம். பெரிய டயர், கூடுதல் ஆயில், காப்பீடு, பழுது என்று இன்னொரு 20 ஆயிரம். ஆக 50 ஆயிரம். வண்டி ஆண்டுக்கு 250 மணி ஓடினால் மணிக்கு 200 ரூபாய் கூடுதல் செலவு. 800 மணி ஓடினால் 62 ரூபாய். இதற்கு மேல் டீசல். லேசான வேலைக்குப் பெரிய எஞ்சின் மணிக்கு முக்கால், ஒரு லிட்டர் கூடவே குடிக்கும். லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி வருடங்கள் ஆகின்றன.

உங்கள் வண்டி எத்தனை மணி ஓடுகிறது? வேளாண் பொறியியல் பாடத்தில் டிராக்டருக்கு ஆண்டுக்கு 1,000 மணி, 10 ஆண்டு என்று கணக்கு வைப்பார்கள். கண்மாய்ப் பாசனத்தில் ஒருபோகம் வைக்கும் எட்டு ஏக்கர்க்காரர், தன் உழவு, எருவடிப்பு, நெல் ஏற்றுதல் எல்லாம் சேர்த்து 100 மணியைத் தாண்டுவது கடினம். மிச்சம் வாடகை ஓட்டத்தில் வர வேண்டும். அந்த ஓட்டம் கையில் இருக்கிறதா என்பதைத்தான் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டும்.

இருக்கிறது என்றால், வாங்குங்கள். நான்கைந்து ஊருக்கு ரோட்டவேட்டர் ஓட்டுகிறவர், தை, மாசியில் வைக்கோல் கட்டும் இயந்திரத்தோடு டெல்டா வரை போகிறவர், படமாத்தூர் சர்க்கரை ஆலைக்குப் பருவம் முழுவதும் கரும்பு ஏற்றுகிறவர் ஆகியோருக்கு 45, 50 ஹெச்.பி. நியாயமான தேவை. ஆறடி ரோட்டவேட்டரைச் சின்ன வண்டியில் மாட்டி இழுப்பது எஞ்சினைக் கொல்லும் வேலை. நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒன்று வாங்கி, மணிக்கணக்கை நோட்டில் எழுதி ஓட்டுவதும் நடக்கக்கூடியதே. எழுதாமல் ஓட்டினால் இரண்டாவது வருடம் பஞ்சாயத்துதான்.

இவர்களும் பழசுக்குப் போகும் முன் புதுசின் விலையை ஒருமுறை விசாரிப்பது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 7 லட்சம் உள்ள வண்டியில் இது 49 ஆயிரம் ரூபாய். இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. பழைய வண்டிக்கு மானியம் கிடையாது. 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் மட்டும் 2023 ஜனவரியில் வந்த புகை விதிகளால் விலை ஏறி, எலெக்ட்ரானிக் பம்புக்கு மாறிவிட்டன. உள்ளூர் மெக்கானிக் கைவைக்கத் தெரிந்த பழைய பம்ப் வேண்டும் என்று அதற்கு முந்தைய வண்டிகளைத் தேடுகிறவர்களின் நியாயமும் எனக்குப் புரிகிறது.

பழசுதான் என்று முடிவானால், மாடல் பெயரை வைத்து மத்தியப் பிரதேசத்தின் புதினியில் உள்ள மத்திய வேளாண் இயந்திரச் சோதனை நிலைய அறிக்கையைத் தேடிப் பாருங்கள். கொக்கியில் எத்தனை கிலோ இழுவை, எந்த அளவு வழுக்கல், மணிக்கு எவ்வளவு டீசல் என்று அதில் இருக்கும். சோதனை கான்கிரீட் தளத்தில் நடப்பது. ஈரமண்ணில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். புரோக்கர் சொல்லும் ஹெச்.பி.யைவிட இந்தத் தாள் நம்பத் தகுந்தது.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள், எஞ்சின் சூடாகும் முன். ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆயில் மூடியைத் திறந்து புகை எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள். பின்னால் கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, டீ குடித்து வரும் வரை இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். மணி காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம். பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் ஆட்டமும் உண்மை வயதைச் சொல்லும். உங்கள் டிரெய்லரையே கொண்டுபோய், பாரத்தோடு மாட்டி, 20 கி.மீ. வேகத்தில் இரண்டு பெடலையும் பூட்டி மிதியுங்கள். நேராக நிற்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேரம் பேச வேண்டாம்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்க வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு, தனிக் காப்பீடு. விவசாயத்துக்கு என்று பதிவான வண்டியில் செங்கல், எம்.சாண்ட் ஏற்றி வாடகைக்கு ஓட்டினால், விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். அதன் பிறகு டிரெய்லரை மாட்டுங்கள்.